பூஜை போட்ட மறுநாள் கிளம்பாத கார்

“...லைட்டு எரியுது, ஹார்ன் அடிக்குது, அப்புறம் பேட்டரிய ஏண்ணே திட்டுறீங்க?” என்றார், மலாக்கா பக்கம் மெர்லிமாவில் எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த மெக்கானிக். நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, கிரீஸ் படாத சட்டை. காரைத் தொடும் முன் அதை ஒரு சுற்று சுற்றி வருவது அவர் வழக்கமாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

மணி எட்டரை. ஒன்பதரைக்கு மலாக்கா மருத்துவமனையில் என் மனைவிக்கு டயாலிசிஸ். காரோ, சாவியைத் திருப்பினால் மூச்சே விடவில்லை.

மெக்கானிக் டயரடியில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்து நின்றார். “நேத்து பூஜைக்கு என்ஜின தண்ணி பீச்சிக் கழுவுனீங்களா?”

“ஆமா, சாமிக்குத்தானே!”

“சாமி கேக்கல லா! கியர்பாக்ஸ் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கு. கியர் எதுல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். அதுக்குள்ள தண்ணி போயிருச்சு. நீங்க பார்க்கிங் ‘பி’யில வச்சிருக்கீங்க, மீட்டர்ல ‘பி’ எரியல பாருங்க. கியர் தெரியாம கம்ப்யூட்டர் ஸ்டார்ட் பண்ண விடாது.”

பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரல் ‘என்’னுக்குத் தள்ளச் சொன்னார். மீட்டரில் ‘என்’ எரிந்தது. சாவியைத் திருப்பினேன். கார் உறுமியது! கருவிப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பார்த்து காரின் நோயைச் சொல்லும் ஒருவரை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன்.

“காஞ்சா சரியாகலாம். இல்லேன்னா மாத்தணும்,” என்றார்.

“வழியில அந்த சென்சார் ஓடுற கியரையும் சொல்லாம விட்டுட்டா, தம்பி?” என்று என் மனைவி மெல்லக் கேட்டாள்.

“வண்டி வேகமா இழுக்காதுக்கா,” என்றவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மருத்துவமனை வாசல்வரை எங்கள் பின்னாலேயே மோட்டாரில் வந்தார்.