ஐந்து மீனும் இரண்டு கேன் தண்ணீரும்

இன்று காலை அரிசி களையக் குழாயைத் திறந்தேன். குப்பென்று குளோரின் வாடை. போன வாரம் எங்கள் ஹில்ஸ்பரோ தெருவில் குழாய் உடைந்து, பள்ளம் தோண்டி, மூடிவிட்டுப் போனார்கள். அப்படிப் பழுது பார்த்த பிறகு நாலைந்து நாள் வீடே நீச்சல் குளம் மாதிரி மணக்கும். "பாத்திரத்துல பிடிச்சு வைங்க, கொஞ்ச நேரத்துல போயிடும்" என்றாள் மனைவி, கூடத்தில் இருந்தபடியே. அவளுக்கு அது ஒரு சமையல் விஷயம். நான் ஈர அரிசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த வாடை வந்தால் எனக்குக் கண்முன் வருவது ஒரு மலை ஏரி, ஒரு வெள்ளைப் பெட்டி, பக்கவாட்டில் சாய்ந்த ஐந்து மீன்கள்.

நான் சென்னைக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அது கொஞ்சம் காரணம். தண்ணீர் லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் கல்யாணம் கூட வைக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தைப் பிடித்துப் பிடித்து என் வலது கையில் காய்ப்பு விழுந்து, கல்லூரிக்குப் போன பிறகுதான் கரைந்தது. அப்படிப்பட்டவன் ஆக்லாந்து வந்து, குழாயைத் திருப்பினால் இரவும் பகலும் பளிங்கு போல் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தால் என்ன ஆவான்? முதல் மாதம் குளித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டினாள்.

பொறியியல் படித்துவிட்டு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஷாம்பு டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் யோகன், யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிட நாலு வயது மூத்தவன். மதிய இடைவேளையில் சாப்பாட்டு மேசைமேல் தூண்டில் சுருளைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பான். அந்த எண்ணெயும் பக்கத்தில் இருப்பவனின் மீன் குழம்பும் சேர்ந்து ஒரு மணம் வரும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஒரு நாள் திடுமென்று கேட்டான். "மச்சான், சனிக்கிழமை போட்டிக்குச் சோடி வேணும். சோடியில்லாமல் சேர்க்க மாட்டாங்கள். நீ வந்து நிண்டாப் போதும்."

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே, யோகா."

"தெரிஞ்சவன் வேண்டாம். தெரிஞ்சவன் எண்டா வாய் மூடாமல் கதைப்பான்."

அப்படித்தான் என் கோடைகள் ஹூனுவா மலைப் பக்கம் போயின. அணை கட்டித் தேக்கிய ஏரி. நகரம் குடிக்கும் தண்ணீர் அதுதான் என்பதால் படகு கூடாது, குளிக்கக் கூடாது, புழு கூடாது. கரையில் நின்று ரப்பர் மீனைக் கட்டி வீச வேண்டும். பிடிபடுவது பெர்ச் என்கிற மீன். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், அடித் துடுப்பு குங்குமச் சிவப்பு, முதுகில் முள் வரிசை. தெரியாமல் பிடித்தால் அது நம்மைப் பிடிக்கும். நான் முதல் வாரம் பிடித்தது என் சொந்தக் காதை. யோகன் இடுக்கியால் முள்ளை எடுத்துக்கொண்டே, "நல்ல எடை மச்சான், பதிஞ்சு வைக்கட்டோ?" என்றான்.

போட்டி நாளின் ஒழுங்கு சொன்னால்தான் மீதி விளங்கும். விடியும் முன் அணைக்கட்டில் கூடுவோம், இருபது சோடி இருப்போம். ஜோன் என்ற வெள்ளைக்கார அம்மாள்தான் எல்லாம். அறுபது வயது, ஆண்கள் போடும் பூட்ஸ், கழுத்தில் ஊதுகுழல். விதிகளைத் தாளைப் பார்க்காமல் ஒப்பிப்பாள். பிறகு சீட்டுக் குலுக்கி, எந்தச் சோடி கரையில் அடித்த எந்த முளைக்கு அருகில் நிற்பது என்று முடிவாகும். ஜோன் விதி சொல்லும்போதெல்லாம் நான் காரில் உட்கார்ந்து, வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையில் வாங்கிய இறைச்சிப் பஃப்பைத் தின்றுகொண்டிருப்பேன். சட்டை முழுவதும் அதன் பொருக்கு உதிரும். கேட்க வேண்டியவன் யோகன், நான் வெறும் சோடிதானே.

காலை ஏழுக்கு ஊதினால் வீச்சு, பகல் ஒன்றுக்கு ஊதினால் நிறுத்தம். ஒரு சோடிக்கு ஐந்து மீன். அவற்றைக் குளிர்பெட்டியில், இங்கே எல்லோரும் சில்லி பின் என்பார்கள், ஏரித் தண்ணீர் ஊற்றி, காற்றுக்குமிழ் விடும் சின்ன பம்பை உள்ளே போட்டு, உயிரோடு வைத்திருக்க வேண்டும். கடைசியில் கைவண்டியில் வைத்து அணைக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஜோனின் தராசில் நிறுத்து, மறுபடி ஏரியில் விட வேண்டும். செத்த மீனுக்கு எடை கிடையாது.

மீனை விடுகிற அந்த நேரம்தான் யோகனுக்குப் பண்டிகை. தண்ணீருக்குள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, செவுள் அசையும்வரை காத்திருந்து, "போ, போய்ப் பிழை" என்பான். வேறு எந்த நேரமும் அவன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அவன் மனைவி இரண்டு வருடம் முன்பே பிரிந்து, மகளோடு கிளென்ஃபீல்டில் இருந்தாள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. யோகன் மறதிக்காரன், அவ்வளவுதான். இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, பள்ளி நீச்சல் விழாவுக்கு விழா முடிந்த மறுநாள் போய் நின்றான். ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தவன், அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கிடங்கில் நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தப் பிள்ளைக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளை பெயர் அபி. வயது பதினாலு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். இறைச்சி மீன் எல்லாம் விட்டிருந்தாள். மீனைக் கொன்று விளையாடுகிற மனுசனோடு லீவுக்கு வந்து தங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். யோகன் தொலைபேசியில் கெஞ்சியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "ஒரு மீனும் சாகாது அபி. அப்பா சத்தியமாச் சொல்லுறன். நீ வந்து பார். ஐஞ்சையும் உன்ர கையால விடு. அதுக்குப் பிறகு சொல்லு."

கோடையின் கடைசிப் போட்டிக்கு அவள் வருவதாக ஒத்துக்கொண்டாள். அன்று காலை காரில் ஏறும்போதே யோகன் என் தொடையில் ஓங்கித் தட்டினான். "பையோட வாறாளாம் மச்சான்! தாய் கொண்டு வந்து விடுறாளாம். மீனைப் பாத்திட்டு, பிடிச்சுதெண்டா அப்பிடியே என்னோட வீட்டை வாறாள். ரெண்டு கிழமை. ஃபிரிட்ஜ் முழுக்க மரக்கறிதான்."

"பம்ப்பு பேட்டரி சார்ஜ் போட்டியா?"

"ராத்திரி முழுக்கப் போட்டனான். ரெண்டு தரம் எழும்பிப் பாத்தனான். இண்டைக்கு ஒண்டையும் மறக்கேல்லை."

அன்று மாதிரி அவன் மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. பத்தரைக்குள் ஐந்து மீன், ஐந்தும் முழங்கை நீளம். அதற்கு மேலும் ஆசை. ஒன்று சின்னதாக இருக்கிறது, பெரியது கிடைத்தால் மாற்றலாம் என்று பாறை முனைக்குப் போனான். "மீனைப் பாத்துக்கொள், என்ன?" என்று திரும்பிச் சொன்னான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

வெயில் ஏறியது. இந்த ஊர் வெயில் சூடு காட்டாது, தோலை மட்டும் உரிக்கும். மானுகா செடிகளிலிருந்து ஒரு கசப்பு மணம் காய்ந்து வந்தது. நான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தேன். எத்தனை நேரமோ, ஏதோ ஒரு சத்தம் இல்லாமல் போனது மாதிரி இருந்து எழுந்தேன். பம்ப் நின்றிருந்தது. பழைய பேட்டரி, எத்தனை சார்ஜ் போட்டாலும் அதன் ஆயுள் அவ்வளவுதான் போல. மூடியைத் திறந்தால் ஐந்து மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

வாளி இருந்தது. ஏரி இருந்தது, பத்தடி கீழே. குனிந்து பார்த்தேன். கரையோரத் தண்ணீர் டீ மாதிரி வெதுவெதுப்பாக, பச்சைப் பாசி மிதக்க, கலங்கிக் கிடந்தது. இதையா ஊற்றுவது? கைவண்டியில் இரண்டு கேன்கள், பத்து பத்து லிட்டர், எங்கள் குடிதண்ணீர். வீட்டுக் குழாயில் விடியற்காலை பிடித்து, இறுக்கி மூடியது. உள்ளே ஐஸ் இன்னும் கரையவில்லை. எங்கள் ஊரில் தாகத்தில் வாய் பிளக்கும் எந்த உயிருக்கும் இதைவிட என்ன கொடுத்துவிட முடியும்? பெட்டித் தண்ணீரில் பாதியைக் கவிழ்த்துவிட்டு இரண்டு கேனையும் ஊற்றினேன். மீன்கள் சிலிர்த்துக்கொண்டு அடியில் போய்ச் சுற்றின. பாருங்கள், எனக்குச் சந்தோஷம். மூடியை அழுத்தி மூடி, வெயில் படாமல் என் சட்டையைக் கழற்றி மேலே போர்த்தினேன். அதே ஏரியின் தண்ணீர்தான் அது. சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், மருந்து கலந்து, குழாய் வழியாக என் சமையலறைக்கு வந்ததை நான் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒன்றுக்கு ஊதினார்கள். யோகன் வெறுங்கையோடு, ஆனால் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். "பம்ப் நின்னுடுச்சு யோகா, ஆனா மீன் நல்லாதான் இருக்கு" என்றேன். "கெதியா வா, கெதியா" என்று வண்டியைத் தள்ளினான். அணைக்கட்டுக்கு இருபத்தைந்து நிமிட நடை. தூரத்திலேயே அபி தெரிந்தாள். தராசுக்குப் பக்கத்தில், தோளில் ஊதா நிறப் பை. தாய் காருக்குள் இருந்தாள்.

"வா, வா, நீதான் திறக்கோணும்" என்றான் யோகன், மூச்சு வாங்க.

அபி மூடியைத் திறந்தாள்.

ஐந்தும் வெளுத்திருந்தன. பட்டைகள் அழிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாக. யோகன் ஒன்றைத் தூக்கி, கரையில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் ஏந்தி முன்னும் பின்னுமாக அசைத்தான். அசைத்துக்கொண்டே இருந்தான். மற்ற சோடிகள் சுற்றிக் கூடினார்கள்.

என்ன ஆனது என்று ஜோன் கேட்டாள். நான்தான் பதில் சொன்னேன். பம்ப் நின்றுவிட்டது, பேட்டரி போய்விட்டது என்று. அந்த நேரம் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான், சத்தியமாக.

"சார்ஜ் பண்ண மறந்துட்டீங்க" என்றாள் அபி, ஆங்கிலத்தில், சத்தமில்லாமல்.

"இல்லை அபி, போட்டனான். ரெண்டு தரம்…"

"யூ ப்ராமிஸ்ட், அப்பா."

பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் வேலியைப் பிடித்து நின்றாள். காருக்குப் போகவில்லை. அதைக் கவனியுங்கள், அவள் இன்னும் காருக்குப் போகவில்லை. நான் பெட்டியைக் கவிழ்த்தேன். ஜோன் பக்கத்தில் குனிந்து, ஈர மண்ணை முகர்ந்து, காலி கேன்களைப் பார்த்து, குழாய்த் தண்ணீர் ஊற்றினாயா என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். ஆமாம் என்றேன். குளோரின் செவுளை வேகவைத்துவிடும், ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத்தானே முதல் விதியாகச் சொல்கிறேன் என்றாள். பிறகு எழுந்து போய் எங்கள் பெயருக்கு நேரே சுழியம் போட்டாள்.

பத்து எட்டு. வேலி வரை பத்து எட்டு வைத்து, "அபி, உங்க அப்பா மறக்கல, நான்தான் கொன்னேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எட்டுச் சொல் கூட இல்லை. இருபது சோடி முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம். அப்பன் மகள் விஷயம், அவர்களே பேசிக்கொள்வார்கள் என்று ஒரு சாக்கு. சட்டையில்லாத வெற்றுடம்போடு மண்டிபோட்டு, காலிப் பெட்டியைக் கழுவினேன். கழுவிய பெட்டியை இன்னொரு தரம் கழுவினேன். காரின் கதவு மூடும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அந்த ஃபிரிட்ஜ் மரக்கறியை இரண்டு வாரமும் யோகன் தனியாகத் தின்றான். மதியச் சாப்பாட்டில் கத்தரிக்காய், பூசணி, மறுபடி கத்தரிக்காய். தூண்டில் சுருள் அதற்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. அடுத்த லீவுக்கு அபி வரவில்லை, அதற்கடுத்த லீவுக்கும்.

இப்போது அந்த ஏரிப் பாதையில் பூட்டிய இரும்புக் கதவு. போட்டி நின்று வருடங்களாகின்றன, ஜோன் இறந்துபோனாள். கிடங்கில் யோகன் ஓட்டிய இடத்தில் ஆளில்லாத வண்டிகள் தாமாக ஓடுகின்றன. அபியை ஒரு முறை கிளென்ஃபீல்ட் மாலில் பார்த்தேன், வளர்ந்த பெண்ணாக, கழுத்தில் அலுவலக அட்டையோடு. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. காபி வாங்கிக்கொண்டு போனாள். அன்றும் நான் பேசவில்லை. யோகன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான்; அவனுடைய பெர்த் எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

பெர்த்துக்கு அவனை ஏற்றிவிட்டது நான்தான். அந்தக் கோடைக்கு அடுத்த குளிர்காலம், மழை. விமான நிலையச் சாலையில் வைத்துத்தான் ஒரு வழியாகச் சொன்னேன். கேன், ஐஸ், ஜோன் சொன்னது, பத்து எட்டு, எல்லாம். அவன் கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டு வந்தான். இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தினேன். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி காரில் ஏறி உட்கார்ந்து, "இப்ப போய் நான் அபிகிட்ட சொல்றேன் யோகா, இன்னைக்கே போறேன்" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் குனிந்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா, மச்சான், உன்னை நாலு பேச்சுப் பேசிப்போட்டு, அவள் என்னோட வந்திருப்பாள்" என்றான். பிறகு காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"சரி, எடு. பின்னாலை கார் நிக்குது."