வெயிலில் காய்ந்த தாள்கள்

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ், கண்டோன்மெண்டில் ஒரு கம்பெனி ஆபீசில் பதினான்கு வருஷம் தற்காலிக அட்டெண்டராக இருந்தார். "இந்த வருஷம் பர்மனெண்ட் பண்ணிடுவாங்க மேரி" என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சொல்வார். நானும் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்வேன்.

எண்பத்தெட்டில் மெட்ராசிலிருந்து லேசர் பிரிண்டர் என்று ஒரு மிஷின் வந்தது. அதற்குத் தாள் போடும் வேலை இவருக்கு. "மிஷினை ஒழுங்கா பாத்துக்குங்க, உங்களை பர்மனெண்ட் பண்ணச் சொல்லி மேலிடத்துக்கு நான் எழுதறேன்" என்றார் மேனேஜர். அன்று காட்டூரில் எங்கள் வீட்டுக்கு இவர் வந்து சேர்ந்த நடையே வேறு.

ஐப்பசி மழை பிடித்தது. ஜன்னலோரம் பிரித்து வைத்திருந்த தாள் ஈரம் குடித்துவிட்டது. மிஷின் இரண்டு மூன்றாகச் சேர்த்து இழுத்து மாட்டிக்கொண்டது. ஒருநாள் வெயில் அடித்ததும் இவர் யாரையும் கேட்காமல், நான் வடகம் காயவைக்கிற மாதிரியே ஆபீஸ் மொட்டைமாடியில் வேட்டி விரித்து, தாளைப் பரப்பி, கல் வைத்துவிட்டார். சாயங்காலம் அத்தனையும் வளைந்து கிடந்தது. மிஷினுக்குள் சூடு வேறு. தாள் சுருண்டு சிக்கி, மிஷினே நின்றுபோயிற்று.

மெட்ராஸ் மெக்கானிக் வந்து, "மிஷின்லதான் கோளாறு போல" என்றாராம். இவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லீங்க சார், நான்தான் பேப்பரை வெயில்ல போட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

"அண்ணே, எண்ணெய் காயவைக்கட்டுமா? பொரிச்சுத் தர்றீங்களா?" என்றான் கிளார்க் பிச்சமுத்து. ஆபீசே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.

மெக்கானிக் சொல்லிக்கொடுத்ததை இவர் மந்திரம்போல மனப்பாடம் செய்தார். தேவைப்படும்போதுதான் தாள்கட்டைப் பிரிக்க வேண்டும். மீதியை உறையோடு மூடி வைக்க வேண்டும். விசிறி மாதிரி உதறி, ஓரம் தட்டிச் சேர்த்துப் போட வேண்டும். வளைந்தால் திருப்பிப் போட வேண்டும். அளவுக்கு மேல் திணிக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் நோட்டைத் திறந்துபோட்டால்கூட எழுந்துபோய் மூடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு தாள் சிக்கவில்லை. "சார் பாத்துக்கிட்டுதான் இருக்காரு மேரி. இப்ப கட்டாயம் எழுதுவாரு."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "நல்ல தாளா ஒண்ணு போடுங்க" என்றாராம். பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். இங்கிலீஷில் இவருக்குத் தன் பெயர் மட்டும்தான் தெரியும். வெளியே வந்த கடிதத்தில் அது இருந்தது. பர்மனெண்ட் ஆர்டர்தான் என்று நினைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மேஜையில் வைத்தார்.

மேனேஜர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். "ஜனவரியிலேருந்து வரவேண்டாம் ஸ்தனிஸ்லாஸ். தற்காலிக ஆளுங்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லீங்க."

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை வேதாகமத்தின் மேல் வைத்தார்.

"பாரு மேரி, கொஞ்சம்கூட வளையலை" என்றார்.

தினமும் அவர் சொல்லும் ஜெபமாலையை அன்று நான்தான் சொல்லி முடித்தேன்.