வாசலுக்கு வெளியே நின்ற ஐரிஷ் பூட்டி

பேரனுக்கு ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் கொடுப்பது என்ற கதை எழுந்த அன்றே நான் வாயை விட்டுவிட்டேன். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊருக்கு வெளியே, சம்பந்தி வீட்டுச் சமையலறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சம்பந்தி டேனிஷ்காரர், மாடு வைத்திருக்கும் கமக்காரர். அளந்து பேசுகிறவர். அவர் பேசுவது டேனிஷ் என்றாலும் என் காதுக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் இறங்கும்.

"எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இந்த ஊர்க் கோயிலிலதான் குடுத்தது," என்றார்.

அது லூத்தரன் கோயில். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அப்பிடியெண்டால் நான் உள்ளுக்கு வரமாட்டன். வாசலுக்கு வெளியிலதான் நிப்பன்."

சம்பந்தியின் முகம் வெளிறிப்போனது. கோப்பையை வைத்துவிட்டு, எழும்பி மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார். என்னை மதிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களிடம் இந்தப் பேச்சு கடைசிப் பேச்சல்ல. எந்தக் கலியாணத்திலும் கோபித்துக்கொண்டு கேற்றடியில் நிற்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். யாராவது போய்க் கையைப் பிடித்து, "என்ன அண்ணை, நீங்கள் இல்லாமலோ?" என்று கேட்க வேண்டும். அவரும் கொஞ்சம் முறுகிவிட்டு வந்து முன்வரிசையில் குந்துவார். அந்த மரியாதைக்காகத்தான் நானும் காத்திருந்தேன். ஆனால் டேனிஷ்காரர் சொன்ன சொல்லைச் சொன்னபடி எடுக்கிறவர்கள். வெளியே நிற்பேன் என்றால் அது உன் முடிவு. மிஞ்சிப்போனால் ஒரு குடை தருவார்கள்.

வாரங்கள் போயின. என்னைச் சமாதானப்படுத்த ஒரு குருவியும் வரவில்லை. மகள் தாயோடு மட்டும் போனில் கதைத்தாள். ஒருநாள் நான் போனைப் பறித்தேன்.

"நீங்கள் வெளியில நிண்டால், பிள்ளை வளர்ந்து படத்தைப் பார்த்து அப்பப்பா நிக்கிறார், அம்மப்பா எங்க எண்டு கேக்கேக்க நான் என்ன சொல்லுறது?" என்று டேனிஷில் கேட்டாள். போனை மனைவியிடம் கொடுத்தேன்.

"ஒரு வார்த்தையைச் சொல்லிப்போட்டு அதைப் பிடிச்சுத் தொங்குறீங்கள். பிள்ளை கையை விட்டுப் போகப்போகுது, பாருங்கோ," என்றாள் மனைவி, போனை வைத்துவிட்டு.

அது எனக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் தோற்க மனமில்லை. அந்த நேரத்தில்தான், மனைவிக்குப் பேரனைக் காட்ட வந்திருந்த மருமகன், திரும்பும்போது குழந்தையைக் கார் இருக்கையில் வைத்துப் பட்டி போட்டுக்கொண்டே, பிள்ளையின் தலைமயிர் செம்பட்டையாக இருப்பது தன் பூட்டியிடமிருந்து, அதாவது அப்பாவின் அப்பம்மாவிடமிருந்து வந்திருக்கும், அவர் ஐரிஷ்காரி என்று சொன்னான்.

ஐரிஷ்! யாழ்ப்பாணத்தில் என் அம்மாவுக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரிகள் ஐரிஷ்காரர்கள். ஐரிஷ் என்றால் கத்தோலிக்கர், அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. அந்தப் பூட்டி கத்தோலிக்கியாக இருந்தால், இந்தப் பிள்ளையின் இரத்தத்தில் எங்கள் வேதம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சம்பந்தியின் வாயை அடைக்க வேறென்ன வேண்டும்? அடுத்த சனிக்கிழமையே அந்தப் பூட்டியைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் ஊர்க் கோயில் சேமக்காலைக்குப் போனேன். இந்த நாட்டில் கல்லறை நிலமும் ஒரு தவணைக்குத்தான். புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் கல்லை எடுத்துவிட்டுப் புல் விதைத்துவிடுவார்கள். அவருடைய இடமும் புல்லாகிவிட்டிருந்தது. எடுத்த கற்களைக் கோயில் வாசலுக்குப் பக்கத்து மதிலில் சாத்தி வைத்திருந்தார்கள். கார்ச் சாவியால் பாசியைச் சுரண்டிச் சுரண்டி, கடைசியில் அவருடைய கல்லைக் கண்டேன். மருமகனின் குடும்பப் பெயர், அதன் கீழ் 'அயர்லாந்தில் பிறந்தவர்', அதற்கும் கீழ் ஒரு புறா. கத்தோலிக்கி என்று காட்ட ஒரு சிலுவை இல்லை. அந்தப் புறாவை எனக்குப் பிடிக்கவேயில்லை.

அடுத்து, பக்கத்துப் பண்ணைக் கிழவி. றோட்டோரத்தில் ஒரு பெட்டியில் உருளைக்கிழங்கு வைத்து விற்பார். காசைத் தகரத்தில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். நான் போகாமல் நின்றேன். என்னவோ ஏதோ என்று அவரே வெளியே வந்தார். பூட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த ஐரிஷ்காரியோ? இஞ்சத்தை முறையில வெண்ணெய் எடுக்கப் பழக வந்தவ. வந்த இடத்தில பண்ணைக்காரன்ர பொடியனைக் கலியாணம் கட்டிப்போட்டா."

"கத்தோலிக்கியோ?"

"பின்ன? நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் ரயிலேறிக் கோல்டிங்குக்குப் பூசைக்குப் போவா. மாடு வைச்சிருக்கிறவைக்கு அதுக்கு மேல எங்க நேரம்?"

எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. நான் காருக்குத் திரும்பும்போது கிழவி கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த வீட்டில போய்க் கோயில் கதையை எடுக்காதையும்."

எடுக்காமல் விடுவேனா? நேரே கொட்டிலுக்குப் போனேன். சம்பந்தி கன்றுகளுக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மட அப்பம்மா கத்தோலிக்கி!" என்றேன், கள்வனைப் பிடித்த பொலிஸ்காரன் மாதிரி.

"தெரியும்," என்றார்.

வாளியைக் கீழே வைத்தார்.

"என்ர தங்கச்சியின்ர ஞானஸ்நானத்துக்கு அவ வெளியில நிண்டவ. என்ர அப்பான்ர ஞானஸ்நானத்துக்கும் அப்பிடித்தானாம், எனக்கும் அப்பிடித்தானாம். இந்தக் கோயிலில எண்டால் வாசலுக்கு வெளியிலதான் நிப்பன் எண்டு சொன்னவவாம். தங்கச்சிக்குக் குடுத்த அண்டைக்கு மழை. தலைத்துண்டு நனைஞ்சு ஒட்டிப்போச்சு. நான் சின்னப்பொடியன். திறந்திருந்த கதவுக்குள்ளால அவவைப் பார்த்துக்கொண்டு நிண்டன். ஓடிப் போகப் பார்க்க, அப்பா கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்துப்போட்டார்."

"ஒருத்தரும் போய்க் கூப்பிடேல்லையோ?"

"கூப்பிடுறதோ?" உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். "அவதானே நிக்கிறன் எண்டு சொன்னவ. அது அவவின்ர முடிவு."

இத்தனை வருடம், இத்தனை பிள்ளைகள், ஒருவருக்காவது போய்க் கூப்பிடத் தோன்றவில்லையே!

"அவ கூப்பிடுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டிருப்பா," என்றேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் ஒரு கன்றின் நெற்றியைத் தடவியபடி நின்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நீரும் வெளியிலதான் நிப்பீரோ?"

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வீம்பு விடவில்லை. திரும்பிக் காருக்கு வந்துவிட்டேன்.

ஞானஸ்நானத்தன்று மழை இல்லை, ஆனால் காற்று ஆளைத் தள்ளியது. கோட்டும் சூட்டுமாக வாசலுக்கு வெளியே நின்றேன். மனைவி என்னைக் கடந்து உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. மகள் பிள்ளையோடு ஒரு கணம் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அப்பா," என்றாள். மருமகன் அவளைத் தாங்கிக்கொண்டு போனான். மணி அடித்து ஓய்ந்தது. இனி நானாக உள்ளே போனாலும் வெட்கம், நின்றாலும் மகளை இழந்துவிடுவேன். கால் மரத்துப்போனது. உள்ளே பாட்டுத் தொடங்கியது.

கதவு திறந்தது. சம்பந்தி தனியே வெளியே வந்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை நீட்டினார், மடக்கினார், பிறகு என் முழங்கையைப் பிடித்தார், தன் மாடொன்றைப் பிடிப்பதுபோல இறுக்கமாக.

"நான் கூப்பிட வந்திருக்கிறன்," என்றார். "இப்பிடித்தானே கூப்பிடுறது?"

"ஓம்," என்றேன். "இப்பிடித்தான்."

மதிலோரம் பூட்டியின் கல் சாய்ந்திருந்தது. உள்ளே போகுமுன் அதனருகே நின்று, குனிந்து, தமிழில் ஒரு சொல் சொன்னேன்.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டார் சம்பந்தி.

"நீங்களும் வாங்கோ எண்டனான்."

அவர் கல்லைப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து, நான் உள்ளே போன பின்னும் அதை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.