வலப் பக்க முடிச்சு

கழுத்துத் துணியை இடப் பக்கம் முடிவார். அவிழ்ப்பார். வலப் பக்கம் முடிவார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் அவிழ்ப்பார். என் சாப்பாட்டுக் கடையில் கை கழுவும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். லெமுவல் கிராஃப்ட் அதன் முன்னால் நின்றுவிட்டால் பின்னால் நாலு பேர் ஈரக்கையோடு காத்திருக்க வேண்டியதுதான். பெண் பார்க்கவா கிளம்புகிறீர் என்று நானும் இருபது வருஷமாகக் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் அவிழ்ப்பார்.

தொழில், குதிரைக்கு லாடம் அடிப்பது. முரட்டுக் குதிரையும் அவரிடம் காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கும். மத்தியானம் சோள ரொட்டியும் மோரும். சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். வெளியூர்க்காரர் யாராவது எந்த ஊர் என்று விசாரித்தால் ஒருநாள் கென்டக்கி என்பார், ஒருநாள் ஜார்ஜியா என்பார். பிறந்தது எங்கள் ஆற்றுக்கு அந்தக் கரையில்தான். எதற்கு இந்தப் புளுகு என்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"புளுகு இல்ல அம்மணி, பழக்கதோஷம். மூணு அம்மா பேரு எனக்கு மனப்பாடம். பெத்தவ பேரத்தான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லணும்" என்றார்.

உள்நாட்டுப் போரில் எங்கள் வடக்குப் பக்கத்தின் தன்னார்வக் குதிரைப்படையில் சேர்ந்தவர். சொந்தக் குதிரையோடு போனார். நீலச் சட்டை கொடுத்த கையோடு அதைக் கழற்றச் சொல்லி, தெற்கத்தியாரின் சாம்பல் சட்டையை மாட்டி ஒற்று வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரி முகாமில் பொய் ஊரும் பொய் அம்மா பேரும் சொல்லி, அவர்களோடு உட்கார்ந்து தின்று, பீரங்கியை எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். திரும்பும்போது நம் காவல்காரனே சுட்டுவிடாமல் இருக்க ஓர் அடையாளம் உண்டு. கழுத்துத் துணியின் முடிச்சு ஒரு வாரம் இடப் பக்கம், ஒரு வாரம் வலப் பக்கம். மாறி இருந்தால் குண்டுதான்.

கூட்டாளி ஆசா விங்கேட். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுத் துறையில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஆசா செத்துப்போனான், யார் குண்டு என்று தெரியாது. அங்கே செத்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேர் மேலும் சாம்பல் சட்டை. ஒருவன் நம் ஆள், ஒருவன் நிஜ எதிரி. அங்கிருந்த மாவு மில்காரர் இருவரையும் புதைத்து முளை அடித்துவைத்தார். லெமுவல் ஒரு மாதம் கழித்து வந்து கேட்டபோது, முகம் நினைவில்லை, ஓடையோரம் கிடப்பவனுக்கு முடிச்சு இடப் பக்கம், வாதுமை மரத்தடியில் கிடப்பவனுக்கு வலப் பக்கம் என்றாராம். மில்காரரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

இந்த மே மாதம் ஆசாவின் பெயர் வெட்டிய கல்லறைக் கல் அரசாங்கத்திலிருந்து வந்தது. எந்தக் குழி என்று லெமுவல் சத்தியம் செய்தால்தான் நடுவார்கள். இல்லாவிட்டால் கல் திரும்பிப் போகும், ஆசா பெயரில்லாமல் கிடப்பான். மனுஷர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த வார முடிச்சு எந்தப் பக்கமோ அந்தக் குழி, இதில் குழம்ப என்ன இருக்கிறது?

கல்லறைத் தோட்டத்தில், சத்தியத்தை எழுதிக்கொள்ள வந்திருந்த பழைய படையின் சார்ஜெண்ட் ஹைரமும் அதையேதான் கேட்டார்.

"அந்த வாரம் வலப் பக்கம்னு நாந்தானய்யா உத்தரவு சொன்னேன். அப்ப மரத்தடிதான? சொல்லித் தொலையேன்."

"உத்தரவு வலதுதான் சார்ஜெண்டு. ஆசாவுக்குக் கையில அடி. காலையில எதுக்க நின்னு நாந்தான் கட்டிவிட்டேன். அவன் வலதுல கட்டினேனா, என் வலதுல கட்டினேனான்னு தெரியல."

இருபது வருஷமாக அந்தக் கண்ணாடி முன்னால் மனுஷர் தேடியது இதைத்தானா? நான் பாவி, பெண் பார்க்கவா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மரத்தடி என்று சொல்லிவிட்டால் அவர் மேல் பழி இல்லை. ஓடையோரம் என்றால், ஆசாவின் கழுத்தில் தப்பான முடிச்சைப் போட்டு, நம் ஆட்களின் துப்பாக்கிக்கு முன்னாலேயே அனுப்பியது அவர்தான்.

லெமுவல் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, ஹைரமைத் தன் எதிரில் நிற்கச் சொன்னார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அசையாதடா என்று முணுமுணுத்தார், சார்ஜெண்டை அல்ல. கை தானாகப் போயிற்று. ஹைரமின் கழுத்தில் சுற்றிற்று, மடித்தது, இழுத்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். முடிச்சு லெமுவலின் வலக் கைப் பக்கம் இருந்தது. ஹைரமின் இடப் பக்கம்.

ஹைரம் குனிந்து பார்த்துவிட்டு, "விடுய்யா. மரத்தடின்னே எழுதிக்கறேன்" என்றார் மெதுவாக.

"ஓடையோரம்" என்றார் லெமுவல். சத்தியமும் செய்தார்.

கல்லை நட்டார்கள். பூ வைத்தார்கள். எல்லாரும் வண்டி ஏறிய பிறகும் அவரைக் காணோம். கூப்பிடப் போனேன். கல்லுக்கு எதிரே நின்று துணியை அதன் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போனார். அது பார்க்கும் பக்கமே தானும் பார்த்து நின்று, பின்னாலிருந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அதன் வலப் பக்கத்தில் முடிச்சுப் போட்டார்.