நாடாவின் மறுமுனை

இதைக் கட்டுக்கதை என்று நினைத்து வாசிக்க வருகிறவர் இப்போதே மூடி வைத்துவிடலாம். கைலாசநாதனை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவர் ஓர் அங்குலத்தைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர். அங்குலம்தான் அவருடைய தொழில்.

இரவில் நடந்ததும் அல்ல இது. நல்ல வெயிலில், நட்டநடு மத்தியானத்தில் நடந்தது. நேரம் எல்லாம் அவருடைய குறிப்பேட்டில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறது.

நயினாதீவில் கோயிற் பூசை செய்யும் குடும்பம் அவருடையது. தமையன்மார் இருவரும் பூசைக்குப் போக, இவர் படம் வரையப் போனார். பழைய கோட்டைகளை அளந்து காகிதத்தில் இறக்குவது வேலை. யாழ்ப்பாணக் கோட்டை, பூநகரிக் கோட்டை, ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை எல்லாம் அளந்து முடித்துவிட்டார். மிஞ்சியிருந்தது நெடுந்தீவுக் கோட்டை. அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் அதற்கென்று வந்தார்.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். குருசுமுத்து கிடைத்தான். நாற்பது வயது, கத்தோலிக்கன், கடல் தொழில். காற்றுக் காலம் என்பதால் கூலிக்கு வந்தவன். வாய் மூடாத மனிதன்.

"பறங்கி கட்டின கோட்டையை ஐயர் அளக்கிறார். வேதக்காரன் நாடா பிடிக்கிறான். கலிகாலம் எண்டது சும்மாவோ?" என்பான்.

"நீர் நாடாவை நேராய்ப் பிடியும். கலியை நான் பாக்கிறன்" என்பார் இவர்.

முதல் நாள் வெளிச் சுவர்கள் முடிந்தன. இரண்டாம் நாள், சனிக்கிழமை, உள்ளறைகள். திரும்பிப் போக ஒன்றரை மணிக்கு மாவிலித்துறையிலிருந்து மோட்டார் வள்ளம். அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.

அந்தக் கோட்டை முழுக்க முருகைக்கல், கடலில் எடுத்த பவளக்கல். வெயிலில் கண் கூசும் வெள்ளை. கூரை இல்லை. அறைகளுக்குள் நாகதாளியும் ஈச்சம்பற்றையும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. நாடா பற்றைகளுக்கு ஊடாகப் போகும். மறுமுனையில் பிடிப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். குரல்தான் கேட்கும்.

வேலை இப்படி. குருசுமுத்து நாடாவின் பித்தளை வளையத்தை எதிர்ச் சுவரில் அழுத்தி, "வைச்சாச்சு" என்பான். ஐயர் இழுத்துப் பிடித்து அளவை வாசிப்பார். பிழை வராமல் இருக்க, அவன் அதைத் திருப்பிச் சொல்வான். பிறகுதான் குறிப்பேட்டில் எழுதுவார்.

பதினொன்று இருபது. முதல் அளவு.

"வைச்சாச்சு ஐயா. மெல்லமா இழுங்கோ, என்னையும் சேத்து இழுத்துப் போடாதையுங்கோ!"

பதினொன்று முப்பத்தொன்று. இரண்டாவது.

"வைச்சாச்சு. இந்தச் சுவரிலை ஒரு ஓணான் இருக்குது. அதையும் அளக்கவோ?"

பதினொன்று நாற்பது. மூன்றாவது. அப்போதும் ஏதோ பகிடி சொன்னான். இவர் சிரித்தார்.

பதினொன்று நாற்பத்துமூன்று. நான்காவது அளவுக்காக அவன் பற்றைக்குள் நடந்து போகும் சரசரப்புக் கேட்டது. பிறகு... தொப்பென்று ஒரு சத்தம். கல் ஒன்று மண்ணில் விழுந்தாற்போல.

"என்ன சத்தம் குருசுமுத்து?"

ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

"குருசுமுத்து?"

"ஒண்டுமில்லை ஐயா. வைச்சாச்சு."

நாடா விறைத்தது. இவர் வாசித்தார். பதினெட்டு அடி இரண்டு அங்குலம்.

"பதினெட்டு அடி ரண்டு அங்குலம்" என்றது குரல்.

எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது அளவின்போதுதான் ஒன்று மனதில் தட்டியது. குருசுமுத்து பகிடி விடவில்லை. பற்றையில் சரசரப்பும் கேட்கவில்லை. அறையைத் தாண்டி அடுத்த சுவருக்கு அவன் எப்படிப் போனான்?

"களைச்சுப் போனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா."

நாடா விறைப்பாக நின்றது. மனிதன் பிடித்தால் நாடா கொஞ்சம் நடுங்கும். மூச்சு விடுகிறவன் கை அசையாமல் இராது. பதினாறு வருடம் நாடா பிடித்தவருக்கு அது தெரியும்.

இது நடுங்கவில்லை. ஆணியில் கட்டியது போல நின்றது.

பதினொன்று ஐம்பத்தாறு. ஆறாவது அளவு. இவர் நாடாவை இழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, குனிந்தார்.

"இருபத்தாறு அடி ஒன்பது அங்குலம்" என்றது குரல்.

இவர் பார்த்தார். இருபத்தாறு அடி... ஒன்பது அங்குலம்.

இவர் இன்னும் வாய் திறந்து வாசிக்கவில்லை.

பென்சில் கையில் நின்றுவிட்டது. ஏதோ ஒரு மன ஓட்டத்தில் தானே முணுமுணுத்திருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். எழுதினார். எழுத்துக் கோணலாக விழுந்தது. அந்தக் கோணல் இன்றும் குறிப்பேட்டில் இருக்கிறது.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

தீவுப்பகுதி வேதக்காரர் மத்தியான மணி கேட்டால் கை வேலையை விட்டுவிடுவார்கள். குருசுமுத்துவும் அப்படித்தான். முதல் நாள் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டு, சிலுவை அடையாளம் போட்டு, திரிகால செபம் சொன்னான். அந்த இரண்டு நிமிடமும் ஐயரும் நாடாவைத் தளரவிட்டு, மனதுக்குள் நயினை அம்மாளை நினைத்துக்கொண்டு நின்றார். ஒருவர் கும்பிடும்போது மற்றவர் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் வீட்டில் கற்றது.

இன்றும் நாடாவைத் தளரவிட்டார்.

நாடா தளரவில்லை.

மணி அடித்துக்கொண்டிருந்தது. அதன் மேலாகக் குரல் வந்தது.

"அடுத்தது, ஐயா."

"மணி அடிக்குது, குருசுமுத்து."

"அடுத்தது."

குருசுமுத்துவின் குரல்தான். அவனுடைய கரகரப்புத்தான். ஆனால் அவன் இல்லாத குரல்.

வெயில் தலைக்கு ஏறிவிட்டது, பாவம் என்று நினைத்தார். நினைக்க விரும்பினார். காலையிலிருந்து அவன் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததை இவர் காணவில்லை.

இவரிடம் மூடி போட்ட பித்தளைச் செம்பில் தண்ணீர் இருந்தது. பூசைக்கார வீட்டுச் செம்பு. பிறர் வாயில் படக் கூடாது என்று தாயார் சொல்லித்தான் கொடுத்துவிடுவார். செம்பைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்துக்காக அவர் பிற்காலத்தில் பலமுறை வெட்கப்பட்டார்.

"நில்லும். தண்ணி கொண்டாறன்."

"தண்ணி வேண்டாம்."

"விடாய்க்கேல்லையே?"

"அங்கையே நில்லுங்கோ ஐயா. வள்ளத்துக்கு நேரமாகுது. நீங்கள் போங்கோ. நான் பிறகு வீட்டை போறன்."

கோபமில்லை. அவசரமில்லை. ஆனால் இந்த வெயிலில் தண்ணீர் வேண்டாம் என்கிற மனிதனை அவர் கண்டதில்லை.

பன்னிரண்டு ஏழு. செம்பை எடுத்தார். மற்றக் கையால் நாடாவைச் சுருட்டிச் சுருட்டி, அதன் வழியே பற்றைக்குள் இறங்கினார்.

முள் வேட்டியில் இழுத்தது. நாடா இடுப்பு உயரத்தில் நேராகப் போனது. இன்னும் பத்து அடி.

"குருசுமுத்து..."

ஐந்து அடி. பற்றையை விலக்கினார்.

வெள்ளைச் சுவர். இடுப்பு உயரத்தில் பித்தளை வளையம் சுவரோடு ஒட்டி நின்றது. பெருவிரல் ஒன்று அழுத்திப் பிடித்தாற்போல.

விரல் இல்லை.

கை இல்லை.

ஆள் இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் விழுந்தது. கல்லில் பட்டு... கிண்.

'அம்மாளே' என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"...ஐயா..."

கீழே இருந்து. மண்ணுக்குள் இருந்து. இடப்பக்கம் முட்பற்றை நசுங்கிக் கிடந்தது. அதன் நடுவே ஒரு கறுப்புக் குழி. தூர்ந்துபோன பழைய கிணறு.

"ஐயா... தண்ணி..."

குருசுமுத்துவின் குரல்.

"ஐயா, அதுக்குக் கிட்டப் போகாதையுங்கோ."

அதுவும் குருசுமுத்துவின் குரல். பின்னால் இருந்து. நாலடி தூரத்தில்.

கீழே ஒன்று. பின்னால் ஒன்று. ஒரே கரகரப்பு.

"அது நானில்லை ஐயா. வாருங்கோ. வள்ளம் போகுது."

"...தண்ணி..."

எது மனிதன்? எதை நம்புவது? பிழையாக நம்பினால் ஓர் உயிர் அந்தக் குழிக்குள் காய்ந்துபோகும். அல்லது இவரே உள்ளே போவார்.

விடாய்த்தவன் பக்கம் போவோம் என்று நினைத்தார். அவ்வளவுதான். வேறு பெரிய யோசனை எதுவும் வரவில்லை என்று அவரே சொன்னார்.

குழி ஓரம் முழந்தாளிட்டுக் குனிந்தார். நாடாவின் நுனியைச் செம்பின் கழுத்தில் முடிந்தார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது.

அப்போது பிடரியில் வெயில் நின்றுபோனது.

அவருக்கு மேலாகக் குனிந்து யாரோ குழியை எட்டிப் பார்ப்பதுபோல.

மண்ணில் நிழலைப் பார்த்தார். அவருடைய நிழல் மட்டும்.

"போங்கோ ஐயா." காதுக்குப் பக்கத்தில். மூச்சுக் காற்று இல்லாமல்.

திரும்பவில்லை.

செம்பை இறக்கினார். ஓரடி... இரண்டடி... ஆறடி... பத்தடி.

கீழே ஒரு கை பிடித்தது. நாடா நடுங்கியது. உயிருள்ள நடுக்கம்.

மடக்... மடக்... மடக்.

பிடரியில் வெயில் சுள்ளென்று பட்டது.

பன்னிரண்டு இருபத்தைந்து.

பிறகு அவர் ஓடினார். தெருவோரம் வேலி அடைத்துக்கொண்டிருந்த பத்திநாதரும் இன்னும் மூன்று பேரும் கயிறோடு வந்தார்கள். ஒன்று பத்துக்குக் குருசுமுத்துவை வெளியே எடுத்தார்கள். தலையில் காயம், வலக்கால் முறிவு. பக்கத்திலேயே ஆசுபத்திரி. இன்னும் ஒரு மணித்தியாலம் அந்தக் குழிக்குள் கிடந்திருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார் டாக்குத்தர். ஒன்றரை மணி வள்ளம் போய்விட்டது. இவர் அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

நினைவு தெளிந்தபோது குருசுமுத்து சொன்னது ஒன்றுதான். "நாலாவது அளவு நான் பிடிக்கேல்லை ஐயா. அதுக்குப் போகேக்கைதான் விழுந்தனான்."

நான்கு, ஐந்து, ஆறு. மூன்று அளவுகளையும் அடுத்த கிழமை வேறு ஆளை வைத்து அளந்து பார்த்தார். ஓர் அங்குலமும் பிசகவில்லை.

ஆனால் அன்றைய நாள் அதோடு முடியவில்லை.

குருசுமுத்துவின் மனைவி எமிலிக்குச் சொல்ல வேண்டும். பிறர் போய்ப் பதறச் சொல்வதைவிடத் தானே போய் ஆறுதலாகச் சொல்வது நல்லது என்று, பத்திநாதரைக் கூட்டிக்கொண்டு போனார். கோயிலடியில் ஓலை வேய்ந்த சின்ன மண்வீடு. இரண்டு மணி பத்து. எமிலி வாசலுக்கு நேரே முருங்கை மரத்தடியில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, பயப்படாதையும்" என்றார் ஐயர். "குருசுமுத்துவுக்குக் காலிலை அடி. ஆசுபத்திரியிலை விட்டிருக்கு. உயிருக்கு ஒண்டுமில்லை."

எமிலி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இந்த மனுசன் ஐயாவையும் பேய்க்காட்டி ஏமாத்தத் தொடங்கிட்டுதே! அவர் உள்ளை படுத்திருக்கிறார்."

"விசர்க் கதை கதையாதை எமிலி" என்றார் பத்திநாதர். "நான்தானே அவனைக் கிணத்துக்குள்ளாலை தூக்கினனான்."

"எப்ப?"

"ஒரு மணிக்கு."

"அப்ப ஆரைத் தூக்கினியள்? மத்தியான மணி அடிச்சு அரை மணித்தியாலத்திலை அவர் இஞ்சை வந்திட்டார். சோறு போடவோ எண்டன், வேண்டாமெண்டார். தண்ணியும் வேண்டாமெண்டார். நான் இந்த இடத்தை விட்டு அசையேல்லை அண்ணை."

கதவு சாத்தியிருந்தது.

பத்திநாதர்தான் போய்த் தள்ளினார். கீல் முனகியது. உள்ளே இருட்டு. பாய் விரித்திருந்தது. தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம்.

ஆள் இல்லை.

அந்த வீட்டுக்குச் சன்னல் இல்லை. ஒரே வாசல்.

எமிலியின் கையிலிருந்த வலை நழுவிக் கீழே விழுந்தது. எழுந்து வாசலுக்கு வந்து அந்தப் பாயைப் பார்த்தாள். பிறகு ஐயரிடம் மெல்லக் கேட்டாள்.

"தன்ரை வீட்டுக்குள்ளை போக ஆரும் உத்தரவு கேப்பினமோ ஐயா? அவர் படியிலை நிண்டு, 'உள்ளை வரலாமோ?' எண்டு கேட்டவர்... பகிடியாக்கும் எண்டு நினைச்சு..."

வாசற்படியைப் பார்த்தாள்.

"'வாருங்கோ' எண்டு நான்தான் சொன்னனான்."