காதை நம்பிக் கை வைக்கப் போனேன்

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் இருபது வருடமாக நான்தான் எலக்ட்ரீஷியன். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டர்தான் மோட்டாருக்குக் கரண்ட்டைக் கொடுப்பதும் நிறுத்துவதும். அது விலகும்போது ‘டக்’கென்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அதன் நிலைமையைச் சொல்லிவிடுவேன் என்பது என் பெருமை.

சென்ற மாதம் ஒரு காலை, படகுக்காரர்கள் ஐஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மோட்டாரில் ஒரு ஒயர் லூசாகிவிட்டது. மெயினை அணைத்தால் ஐஸ் அறையைக் குளிர்விக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடும் என்று ஸ்டாப் பட்டனை மட்டும் அழுத்தினேன். ‘டக்’கென்றது, மோட்டாரும் நின்றது. மூடியைக் கழற்றி ஒயரைப் பிடிக்கப் போனேன்.

மெஷினை ஓட்டும் ஸ்டெல்லா, “அண்ணே, டெஸ்டர் வெச்சி பாத்தியா?” என்றாள்.

“அதான் சத்தம் வந்துச்சே. இருவது வருசமா கேட்டுகினு கீறேன்.”

“காது இன்னா டெஸ்டரா? வெச்சித்தான் பாரேன்.”

அவள் வாயை அடைக்கத்தான் வைத்தேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

மெயினை அணைத்துக் காண்டாக்டரைப் பிரித்தேன். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயருக்கும் ஒவ்வொன்றாக உள்ள மூன்று முனைகளில் ஒன்று உருகி ஒட்டியிருந்தது. மற்ற இரண்டும் விலகியதால் சத்தமும் வந்தது, மோட்டாரும் நின்றது. ஒட்டிய முனை வழியாகக் கரண்ட் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இப்போது யார் அவசரப்படுத்தினாலும் மெயினை அணைத்து, ஃபியூஸ்களைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். கரண்ட் உள்ள வேறோர் இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு மூன்று ஒயரிலும் வைக்கிறேன். என் காது இன்றும் நல்ல காதுதான். ஆனால் ஒட்டிக்கொண்ட முனை சத்தம் போடாது.