ராக்கம்மாவின் பால்மாவுக் கோவா

கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஒட்டியிருக்கும் கோவா விழுகிறதா என்று பார்க்கிறார் ராக்கம்மா. விழவில்லை. அடுப்பை அணைக்கிறார். மலேசியாவின் மந்தின் நகரில் உள்ள அடுக்குமாடி வீட்டில் அவர் கோவா கிண்டும்போது யாரும் பேசக் கூடாது. பதில் சொல்லப் போனால் கை நின்று அடி பிடித்துவிடுமாம். கைப்பேசி அடித்தால் மகள் புனிதாதான் எடுக்க வேண்டும்.

வயது அறுபத்து மூன்று. முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிய கை. பால்மாவு, டின்பால், நெய் இவ்வளவுதான் அவர் கோவா. தோட்டத்தில் மாடுகள் இல்லாமல் இல்லை. அந்தப் பால் துரை பங்களாவுக்கும் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்கும் போனது. தொழிலாளர் பிள்ளைகளுக்கு, அவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன் டின்னில் மிஞ்சியதை அந்த ஆயா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் என்று பங்கு வைப்பார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கோவா வந்தது அப்படித்தான். "மாட்டுப்பால் கோவாவ நான் கண்ணால பார்த்ததே டவுனுக்கு வந்த பெறகுதான்லா" என்பார்.

தோட்டத்தை விற்ற பிறகும் மாரியம்மன் கோயில் அங்கேயே நிற்கிறது. பதினொரு வருடமாகத் திருவிழாப் படையலில் ராக்கம்மாவின் கோவா இருக்கிறது. இந்த வருடம் கோயில் செயலாளர் சத்தியசீலன், படையலுக்குப் பசும்பால் பலகாரம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். ராக்கம்மாவும் இரண்டு லிட்டர் வாங்கிச் சுண்டக் காய்ச்சிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. "ருசிதான். ஆனா நம்மளுது இல்ல" என்று கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பால்மாவு டின்னைத் திறந்தார். திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய் என்று புனிதா கேட்டாள். ராக்கம்மா கிண்டத் தொடங்கியிருந்தார்.

திருவிழா அன்று தட்டைப் பார்த்ததுமே சத்தியசீலனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் அந்த லயத்தில் அதைத் தின்று வளர்ந்தவர்தான். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பசும்பால்னே படையல் லிஸ்ட்ல எழுதிட்டேன். மைக்ல அப்படியே படிச்சிடறேன். நீங்க பேசாம இருங்க, போதும்."

"எழுதுனது நீ தம்பி. கிண்டுனது நான்லா."

உள்ளே பூசாரி மணியை எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் தட்டு வாசலோடு நின்றுவிடும். ராக்கம்மாவுக்கு அது தெரியும். சத்தியசீலனிடமிருந்து பட்டியலையும் பேனாவையும் வாங்கி, தன் பெயருக்கு எதிரே 'பசும்பால்' என்றிருந்ததை அடித்து, மேலே 'பால்மாவு' என்று பெரிதாக எழுதினார். காகிதத்தைத் தட்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தார்.